சாஃப்ட் டாப்பைக் காக்க ஆறு வழிகள்: உங்கள் காருக்கு எது சரி?

மழை விட்டதும் போய் உங்கள் காரின் சாஃப்ட் டாப்பை, அதாவது மடக்கி விரிக்கும் துணிக் கூரையைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். கார் வாங்கிய புதிதில் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடிய துளிகளை இப்போது காணோம். துணி அங்கங்கே கருத்து, ஈரத்தைக் குடித்து, மறுநாள் மத்தியானம் வரை காயாமல் கிடக்கிறது. உடனே கேள்விகள் வரிசை கட்டுகின்றன. எந்த ஸ்பிரே வாங்குவது? பிரஷ்ஷால் தடவும் பூச்சு மேலா? செராமிக் பூச்சு அடித்துவிட்டால் பல வருடம் கவலை இல்லை என்கிறார்களே, உண்மையா? நல்ல கவர் ஒன்று போட்டால் போதாதா? நிறமும் மங்கிவிட்டது, சாயம் ஏற்றலாமா, துணியையே மாற்றிவிடலாமா?

இப்படிக் கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிள் கார் வைத்திருக்கும் நண்பர்கள் இப்படிக் கேட்கும்போது நான் முதலில் இரண்டு விஷயம் விசாரிப்பேன். கார் ராத்திரியில் எங்கே நிற்கிறது? கூரையைக் கடைசியாக எப்போது ஒழுங்காகக் கழுவினீர்கள்? டப்பாவின் பெயர் மூன்றாவதாகத்தான் வரும். பல வருடம் ஒரு துணிக் கூரையோடு வாழ்ந்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அழுக்குக் கூரையின் மேல் அடித்த உயர்ந்த பூச்சைவிட, சுத்தமான கூரையின் மேல் அடித்த சாதாரணப் பூச்சு நன்றாக உழைக்கும். இரண்டையும்விட நிழல் நன்றாக உழைக்கும்.

## கூரைத் துணிக்குள் என்ன இருக்கிறது

இப்போதைய சாஃப்ட் டாப் பெரும்பாலும் மூன்று அடுக்கு. மேலே அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர் நூலில் நெய்த துணி. நடுவில் பியூட்டைல் ரப்பர் படலம். அடியில் பருத்தியிலோ பாலியெஸ்டரிலோ இன்னொரு துணி. ஹார்ட்ஸ் நிறுவனத்தின் ஸ்டேஃபாஸ்ட், ட்வில்ஃபாஸ்ட் போன்ற துணிகள் எல்லாம் இந்த அமைப்பில் வருபவைதான்.

மழையை உள்ளே விடாமல் தடுப்பது நடுவில் இருக்கும் அந்த ரப்பர். மேலே துளி உருளுவது தொழிற்சாலையில் துணிக்கு ஏற்றிய மெல்லிய பூச்சினால். அதனால் துளி உருளவில்லை என்றவுடன் கூரை ஒழுகப் போகிறது என்று பதற வேண்டாம். ஆனால் அப்படியே விடவும் முடியாது. ஈரம் குடிக்கும் துணியில் தூசி சேறாகி நூலிடுக்கில் இறங்குகிறது. கூரையை மடக்கி விரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மண் துகள்கள் அரம் மாதிரி நூலை அறுக்கின்றன. கார் நிழலில், மரத்தடியில் நிற்பதாக இருந்தால் பாசியும் பூஞ்சையும் சேர்ந்துகொள்கின்றன.

இன்னொன்று. நல்ல அக்ரிலிக் கூரைத் துணியில் நெய்த பிறகு சாயம் ஏற்றுவதில்லை. நூல் இழுக்கும்போதே நிறத்தைக் கரைசலில் கலந்துவிடுகிறார்கள். நூலின் உள்வரை நிறம் இருப்பதால் அது சுலபத்தில் வெளுக்காது. வெளுத்துவிட்டது என்று நாம் நினைக்கும் கூரைகளில் நிறைய, வெறும் அழுக்கேறிய கூரைகள். வெயிலுக்கு முதலில் பலியாவது பெரும்பாலும் துணியைவிடத் தையல் நூல்தான்.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் நான் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன்.

முதலாவது, கூரைக்கு உண்மையில் என்ன ஆபத்து: வெயிலா, மழையா, மரப்பிசினும் பறவை எச்சமுமா? ஒரு பூச்சு தண்ணீரைத் தள்ளும் என்பதால் எண்ணெய்ப் பசையையும் தள்ளும் என்று இல்லை. வெயிலைத் தடுக்கும் என்றும் இல்லை.

இரண்டாவது, துணி இப்போது எந்த நிலையில் இருக்கிறது? நல்ல துணியைக் காக்கும் வழி வேறு, நைந்த துணியை இன்னும் இரண்டு வருடம் ஓட்டும் வழி வேறு.

மூன்றாவது, உங்களிடம் எவ்வளவு நேரமும் இடமும் இருக்கிறது? கழுவி, ஒரு முழு நாள் காயவிட்டு, பூச்சு அடித்து, மறுபடி ஒரு ராத்திரி மழை படாமல் வைத்திருக்க முடியுமா? பலருக்கு இங்கேதான் முடிவு மாறுகிறது.

நான்காவது, தவறு நடந்தால் திருத்த முடியுமா? சாயம் போன்றவற்றில் திரும்பி வர வழி இல்லை.

ஐந்தாவது, பின் ஜன்னல் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தது. அடுத்த தலைமுறைக்குக் கண்ணாடி வந்தது. போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறைக்கு 2003 மாடலில்தான் கண்ணாடி வந்தது. பிளாஸ்டிக் ஜன்னல் உள்ள காரில் ரசாயனம் எதுவானாலும் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும், ஒரு முறை மங்கினால் மங்கியதுதான்.

## முதல் வழி: கழுவி விட்டுவிடுவது

இதை ஒரு தயாரிப்பு வேலையாக மட்டும் நினைக்கிறார்கள். எனக்கு இது தனி வழி, அதுவும் முதலில் முயன்று பார்க்க வேண்டிய வழி. துளி உருளாததற்குப் பல சமயம் பூச்சு போனது காரணமாக இருக்காது. பூச்சின் மேல் அழுக்குப் படிந்திருக்கும், அல்லது பழைய சோப்பு துணியில் தங்கியிருக்கும். சோப்பு தண்ணீரை இழுக்கும். சரியாக அலசாத கூரை, கழுவாத கூரையைவிட அதிகமாக ஈரம் குடிக்கும்.

முதலில் காய்ந்த துணியின் மேல் வாக்யூம் கிளீனரை மெதுவாக ஓட்டுங்கள், தையல் ஓரங்களில் நிதானமாக. ஈரம் பட்ட பிறகு அந்தத் தூசி சேறாகிவிடும். பிறகு கூரையையும் சுற்றியுள்ள பெயின்ட், கண்ணாடி எல்லாவற்றையும் நிறையத் தண்ணீர் விட்டு நனையுங்கள். கூரை சூடாக இருக்கக் கூடாது, நேர் வெயிலும் கூடாது. சாஃப்ட் டாப்புக்கென்று விற்கும் கிளீனர் அல்லது காரம், அமிலம் இரண்டும் இல்லாத மென்மையான சோப்பு போதும். பிரஷ்ஷைக் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள், உறுத்தினால் அது கூரைக்கு ஆகாது. பாதிக் கூரை, அப்புறம் மீதிப் பாதி என்று எடுத்துக்கொண்டு, நெசவு ஓடும் திசையிலேயே முன்னிருந்து பின்னாகத் தேய்க்க வேண்டும். வட்டம் வட்டமாகத் தேய்த்தால் நூல் பிசிறு எழும்பும்.

நுரையைக் கவனியுங்கள். முதல் சுற்றில் அது சாம்பலும் பழுப்புமாக, வெள்ளத்தில் ஓடிவரும் ஆற்றுத் தண்ணீர் நிறத்தில் வரும். இரண்டாவது சுற்றில் வெளிறும். நுரை வெள்ளையாகவே நிற்கும்போதுதான் துணி சுத்தம். அதன் பிறகு அலசுங்கள், உள்ளங்கையால் துணியை அழுத்தினால் விரலிடுக்கில் நுரை வராத வரைக்கும். நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

நான் கைமாறி வாங்கிய காரின் கறுப்புக் கூரை, வாங்கும்போது சாம்பல் நிறமாக இருந்தது. வெயிலில் வெளுத்துவிட்டது, சாயம் போட்டே ஆக வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மூன்று வார இறுதிகளில் மூன்று முறை கழுவினேன். மூன்றாவது முறை காய்ந்தபோது கறுப்பு திரும்பியிருந்தது, மடிப்புக் கோடுகளில் மட்டும் லேசான வெளிறல். சாயம் வாங்கவே இல்லை.

பிரஷர் வாஷரை உபயோகிப்பதானால் ஒரு முழத்துக்கு மேல் தள்ளிப் பிடியுங்கள், தையலுக்கும் ஓரங்களில் உள்ள ரப்பர் பட்டைக்கும் (பீடிங்) நேராகப் பிடிக்காதீர்கள். பிரஷ் சுழலும் தானியங்கி வாஷுக்குத் துணிக் கூரையைக் கொண்டுபோகவே வேண்டாம். பிளீச், பெட்ரோல், தின்னர் மூன்றும் கூடாது. பிளீச் தையலையும் பெயின்ட்டையும் கெடுக்கும். பெட்ரோலும் தின்னரும் நடுவில் இருக்கும் பியூட்டைல் ரப்பரை உப்ப வைத்துக் கெடுக்கும். பறவை எச்சத்தின் மேல் ஈரத் துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்து, ஊறியதும் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உள்ளேதான் இறங்கும்.

இந்த வழியின் மறைவான செலவு, நேரம். கழுவ ஒன்றரை மணி நேரம், காய ஒரு நாள். ஈரம் முழுக்கப் போகாமல் கூரையை மடக்கக் கூடாது. மடிப்புக்குள் அடைபட்ட ஈரம் பூஞ்சையாகும், அந்த நாற்றம் சீட் வரைக்கும் இறங்கும். கூரை புதியதாக, இரண்டு மூன்று வருடத்துக்குள் இருந்தால், கழுவியவுடன் துளி மறுபடி உருண்டால், இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பூச்சுக்கு இன்னும் காலம் வரவில்லை.

## இரண்டாவது வழி: ஃப்ளூரோ ஸ்பிரே

துணியின் நூலிழை ஒவ்வொன்றையும் ஃப்ளூரின் சேர்ந்த பாலிமர் சுற்றிக்கொள்ளும். இந்த ரசாயனக் குடும்பத்தின் கதை 1953இல் ஒரு கைதவறலில் தொடங்குகிறது. அமெரிக்காவின் 3எம் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஓர் உதவியாளரின் கான்வாஸ் ஷூவில் சோதனைக் கரைசல் சிந்தியது. அந்த இடத்தில் மட்டும் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டவில்லை என்பதை பாட்ஸி ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் கவனித்தார்கள். ஸ்காட்ச்கார்ட் என்ற துணிப் பாதுகாப்புப் பூச்சு அப்படித்தான் பிறந்தது. தண்ணீரோடு எண்ணெயையும் தள்ளுவதுதான் ஃப்ளூரோ வகையின் பலம். மரப்பிசின், பறவை எச்சம், கூரையைப் பிடித்து இழுக்கும் கைகளின் பிசுக்கு எல்லாம் இதில் லேசில் இறங்காது. 303 ஃபேப்ரிக் கார்ட், ராக்டாப் போன்ற பெயர்கள் இந்த வேலைக்கென்றே நிறையப் பேருக்குத் தெரிந்தவை.

வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். 303இலேயே ஏரோஸ்பேஸ் புரொடெக்டன்ட் என்று இன்னொன்று இருக்கிறது. அது வினைல், ரப்பர், பிளாஸ்டிக்குக்கானது, துணிக் கூரைக்கானது இல்லை. ராக்டாப்பிலும் துணிக்கு ஒன்று, வினைலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வருகிறது. டப்பாவின் நிறத்தைப் பார்த்து எடுத்துவிடாமல் பெயரை முழுக்கப் படியுங்கள்.

இதன் மறைவான செலவுகள் டப்பாவுக்கு வெளியே இருக்கின்றன. கண்ணாடி, பெயின்ட், பின் ஜன்னல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளும் மாஸ்கிங் டேப்பும் வைத்து மூட அரை மணி நேரமாவது வேண்டும். ஒரு முறை காற்று இல்லாத நாள்தானே என்று முன் கண்ணாடியை மூடாமல் அடித்தேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. அன்று ராத்திரி எதிரே வந்த வண்டியின் ஹெட்லைட் பட்டதும் கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பனி படர்ந்த மாதிரி மின்னியது. ஓரமாக நிறுத்திவிட்டேன். அதைத் தேய்த்து எடுக்க இரண்டு நாள் ஆனது. பிளாஸ்டிக் ஜன்னலாக இருந்திருந்தால் தேய்க்கவும் முடிந்திருக்காது. மேலே தெறித்தால் காய்வதற்குள், அந்த நிமிடமே துடைத்துவிடுங்கள்.

அடுத்தது மூச்சு. துணிக்கு அடிக்கும் நீர்த்தடுப்பு ஸ்பிரேக்களின் நுண்துளிகள் நுரையீரலுக்குள் போனால் கடுமையான மூச்சுத் திணறல் வரலாம். மூடிய ஷெட்டில் அடிக்கவே கூடாது. திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, ரசாயன ஆவியைத் தடுக்கும் மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள். சாதாரணத் துணி மாஸ்க் போதாது.

வெப்பமும் முக்கியம். 303 ஃபேப்ரிக் கார்டுக்கு 21 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெதுவெதுப்பான, காய்ந்த நாள் வேண்டும்; அடித்த பிறகு பல மணி நேரம் ஈரம் படக் கூடாது. குளிரில் அடித்தால் காயுமே தவிரப் பிடிக்காது.

கடைசியாகச் சுற்றுச்சூழல். ஃப்ளூரோ ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. பழைய ஸ்காட்ச்கார்டில் இருந்த பிஎஃப்ஓஎஸ் வகையைக் கைவிடுவதாக 3எம் 2000இல் அறிவித்தது. 2022 டிசம்பரில், 2025 முடிவுக்குள் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் இந்த ஃப்ளூரோ ரசாயனக் குடும்பம் முழுவதன் தயாரிப்பிலிருந்தே விலகுவதாகச் சொன்னது. ஃப்ளூரோ இல்லாத டப்பாக்கள் இனிமேல் அதிகம் வரும். அவை தண்ணீரை நன்றாகவே தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. மரத்தடியில் நிற்காத காருக்கு அந்த எண்ணெய்த் தடுப்பு தேவையே இல்லை என்றால், ஃப்ளூரோ இல்லாததை எடுப்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

யாருக்கு ஏற்றது? துணி நல்ல நிலையில் இருந்து, கார் மரத்தடியில் அல்லது தெருவோரம் நின்று, மூட, அடிக்க, காயவிட இடமும் ஒரு முழு நாளும் உள்ளவர்களுக்கு. வெளியில் நிற்கும் காருக்கு வருடம் ஒரு முறை, கடும் வெயிலில் வருடம் இரண்டு முறை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நாள்காட்டியைவிடத் துளிதான் சரியான அறிகுறி.

## மூன்றாவது வழி: பிரஷ்ஷால் தடவும் பூச்சு

தண்ணீர் சார்ந்த பூச்சு, பார்க்கப் பால் மாதிரி இருக்கும். கிண்ணத்தில் ஊற்றி, அகலமான பெயின்ட் பிரஷ்ஷால் தடவ வேண்டும். ரெனோவோ, ஆட்டோகிளிம் போன்றவர்களிடம் சாஃப்ட் டாப்புக்கென்றே கிடைக்கிறது. காற்றில் பறக்காது, கண்ணாடியை முழுக்க மூட வேண்டாம், ஓரங்களுக்கு டேப் ஒட்டினால் போதும். வாசனையும் குறைவு. வரிசையாக வண்டி நிறுத்தியிருக்கும் இடத்தில், பக்கத்துக் காரின் மேல் படாமல் செய்ய இதுதான் வசதி. மூச்சுப் பிரச்சனை உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். சிலவற்றில் ஃப்ளூரோ, சிலவற்றில் சிலிகான், சிலவற்றில் மெழுகு. சிலிகானும் மெழுகும் தண்ணீரை மட்டும் தள்ளும். ஒரு முறை சிலிகான் ஏறிய துணியில் அடுத்த வருடம் ஃப்ளூரோ பூச்சு சரியாகப் பிடிக்காது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் ஒரு வகையைத் தொடங்கினால் அதிலேயே தொடர்வது நல்லது.

தாராளமாகத் தடவினால் நல்லது என்று தோன்றும். அப்படிச் செய்தால் தையல் பள்ளங்களில் தேங்கி வெள்ளைத் திட்டாகக் காயும், துணி விறைக்கும், பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். மெல்லியதாக இரண்டு முறை, நடுவில் நன்றாகக் காயவிட்டு. ஸ்பிரேயைவிட காயும் நேரம் அதிகம், அதற்குள் மழை வந்தால் பாதி கரைந்து பெயின்ட்டின் மேல் வழியும்.

## செராமிக் என்று சொல்லி விற்பது

இதைத் தனி வழியாக எண்ணாமல் ஒரு வார்த்தை மட்டும். துணி மடங்க வேண்டும். அதன் மேல் கண்ணாடி மாதிரி கெட்டியான ஓடு நிற்காது. துணிக்கான செராமிக் என்று வருபவை நூலிழையைச் சுற்றிக்கொள்ளும் மெல்லிய பூச்சுகள்தான், நல்லவையும் இருக்கின்றன. ஆனால் பெயின்ட்டுக்கான செராமிக்கைத் துணியில் தடவ யாரையும் விடாதீர்கள். கடையில் கொடுத்துச் செய்வதானால் கேட்க வேண்டிய கேள்வி, பூச்சுக்கு முன் எத்தனை முறை கழுவுவீர்கள், எவ்வளவு நேரம் காயவிடுவீர்கள் என்பது. காலையில் வாங்கி மாலையில் திருப்பிக் கொடுக்கிறோம் என்றால் துணி காய்ந்திருக்காது.

## நான்காவது வழி: கவரும் நிழலும்

எந்தப் பூச்சும் வெயிலை முழுதாகத் தடுக்காது. கவர் தடுக்கும், ஷெட் தடுக்கும். தையல் நூலையும் பிளாஸ்டிக் ஜன்னலையும் காப்பதில் இதற்கு இணை இல்லை. கூரையையும் கண்ணாடிகளையும் மட்டும் மூடும் அரைக் கவரும் கிடைக்கிறது. முழுக் கவரைவிடச் சீக்கிரம் போடலாம், சீக்கிரம் கழற்றலாம்.

ஆனால் கவருக்கு நிபந்தனை உண்டு. காற்றுப் போகும் துணியாக இருக்க வேண்டும். தார்ப்பாய் மாதிரிப் பிளாஸ்டிக்கைப் போட்டால் அடியில் வியர்த்து, துணி நாள் முழுக்க ஈரத்திலேயே வேகும். நனைந்த கூரையின் மேலும் தூசி படிந்த காரின் மேலும் போடக் கூடாது. காற்றில் படபடக்கும் கவர் அந்தத் தூசியை வைத்தே பெயின்ட்டையும் துணியையும் தேய்க்கும். அளவெடுத்த மாதிரி பிடிப்பாக இருப்பது அதனால்தான் முக்கியம்.

தினமும் ஓட்டும் காருக்கு இது நிலைக்காது. ஒரு மாதத்துக்குள் கவர் டிக்கிக்குள் போய்விடும், பலரிடம் பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு முறை எடுக்கும் இரண்டாவது கார், மழைக்காலம் முழுக்க நிறுத்திவைக்கும் கார் என்றால் எல்லாப் பூச்சையும்விடக் கவர் மேல். ஷெட்டில் நிறுத்தும்போது கூரையை மூடி, கொக்கி மாட்டியே வையுங்கள். மாதக் கணக்கில் மடக்கி வைத்தால் துணி சுருங்கி, மறுபடி மாட்டும்போது இழுத்துப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டிவரும்.

## ஐந்தாவது வழி: சாயம்

கழுவி, மறுபடி கழுவி, அதன் பிறகும் நிறம் திரும்பவில்லை என்றால் மட்டும் இதைப் பற்றி யோசியுங்கள். சாஃப்ட் டாப்புக்கான சாயம் நிறத்தை நன்றாகவே மீட்கும். துணி கெட்டியாக இருந்து, மாற்ற இன்னும் மனமோ வசதியோ வராதவர்களுக்கு இரண்டு மூன்று வருடம் கிடைக்கும்.

இதில் திரும்பும் வழி இல்லை என்பதை மறக்க வேண்டாம். பிரஷ் கோடு விழுந்தால் விழுந்ததுதான். பெயின்ட்டிலும் ரப்பர் பீடிங்கிலும் பட்டால் கறை. சாயத்துக்குப் பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு தனியாக வேண்டும், ஆக வேலை இரட்டிப்பு. நைந்த துணிக்குச் சாயம் பலம் கொடுக்காது. கைமாறி கார் வாங்குபவர்கள் புதிதாகக் கறுத்த கூரையைப் பார்த்தால் மடிப்புகளை விரல் விட்டுப் பிரித்துப் பாருங்கள், உள்ளே பழைய நிறமும் தேய்ந்த நூலும் தெரியும்.

## ஆறாவது வழி: புதுக் கூரை

மடிப்புக் கோடுகளில் மேல் துணி தேய்ந்து அடியில் வழவழப்பான கறுப்பு ரப்பர் எட்டிப் பார்க்கிறதா? தையல் ஓரடி நீளத்துக்கு விட்டிருக்கிறதா? உள்லைனிங் இல்லாத கூரையில், உச்சி வெயிலில் உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி ஒளிப்புள்ளிகள் தெரிகின்றனவா? ஆமாம் என்றால் பூச்சில் பணத்தைக் கரைக்காதீர்கள், அந்த டப்பாக்களின் காசு புதுத் துணிக்குப் போகட்டும்.

துணியின் விலை மட்டும் செலவு இல்லை. பிரித்து மாட்டும் கூலி பெரிது. பக்கவாட்டில் துணியை இழுத்துப் பிடிக்கும் கேபிள்கள், சட்டத்துக்கும் துணிக்கும் நடுவிலுள்ள பஞ்சுப் பட்டைகள், ரப்பர் பீடிங் எல்லாம் அதே வயதானவை; அவற்றை அப்போதே மாற்றாவிட்டால் அடுத்த வருடம் மறுபடி பிரிக்க வேண்டும். பழைய எம்எக்ஸ்-5காரர்கள் பலர் இந்தச் சந்தர்ப்பத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த கூரைக்கு மாறிக்கொள்கிறார்கள், நல்ல முடிவு. வினைல் கூரை விலை குறைவு, துடைப்பது சுலபம், ஆனால் குளிரில் விறைக்கும், உள்ளே சத்தமும் கூடுதலாகக் கேட்கும். புதுக் கூரை ஆரம்பத்தில் மிக இறுக்கமாக இருக்கும். சில நாள் மூடியே வைத்து இழுபட விடுங்கள், ஆசைப்பட்டு மறுநாளே மடக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பலம் | செய்ய முடியாதது | மறைவான செலவு | தவறினால் திருத்த முடியுமா |
|---|---|---|---|---|
| கழுவுதல் மட்டும் | அழுக்கு, சோப்பு எச்சம், பாசி போகும் | தேய்ந்த பூச்சை மீட்காது | ஒரு முழு நாள் காயவிடுதல் | முடியும் |
| ஃப்ளூரோ ஸ்பிரே | தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாது | வெயிலை முழுதாகத் தடுக்காது | மூடும் வேலை, மூச்சுக்கு ஆபத்து, வெதுவெதுப்பான நாள் | ஓரளவு. பிளாஸ்டிக் ஜன்னலில் முடியாது |
| பிரஷ் பூச்சு | பறக்காது, சீராக ஏறும் | சிலிகான், மெழுகு வகை எண்ணெயைத் தடுக்காது | நீண்ட காயும் நேரம், வெள்ளைத் திட்டு | ஓரளவு |
| கவர், நிழல் | வெயில், எச்சம், பிசின் மூன்றையும் தடுக்கும் | ஓடும்போது உதவாது | தினசரி உழைப்பு, அடியில் ஈரம் | முடியும் |
| சாயம் | நிறம் திரும்பும் | நைந்த நூலுக்குப் பலம் தராது | பின்னால் தனிப் பூச்சு | முடியாது |
| புதுக் கூரை | எல்லாம் புதிதாகும் | வளைந்த சட்டத்தைச் சரி செய்யாது | கூலி, கேபிள், பட்டை, பீடிங் | முடியாது |

## சரி, நான் எதை எடுப்பேன்

ஷெட்டில் நிற்கும் கார்: கழுவுதல், துளி உருளாதபோது ஃப்ளூரோ இல்லாத பிரஷ் பூச்சு. வேறெதுவும் வேண்டாம். வெட்டவெளியில் நின்று தினமும் ஓடும் கார்: மாதம் ஒரு முறை வெறும் தண்ணீர் அலசல், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை முழுக் கழுவல், வருடம் ஒரு முறை பூச்சு. மரத்தடியில் வேறு இடமே இல்லை என்றால் ஃப்ளூரோ ஸ்பிரே, கூடவே விழும் எச்சத்தை அன்றன்றே எடுக்கும் பழக்கம். எப்போதாவது ஓட்டும் கார்: கவர், அதற்கு முன் ஒரு நல்ல கழுவல். பத்து வருடம் தாண்டிய, மடிப்பில் தேய்ந்த கூரை: சுத்தமாக மட்டும் வைத்துக்கொண்டு புதுத் துணிக்குச் சேமிப்பேன்.

இவற்றில் எதைத் தேர்ந்தாலும் வடிகால் குழாயைப் பார்க்காமல் விடாதீர்கள். கூரையில் வழியும் தண்ணீர் பல கார்களில் பின் மூலைகளில் உள்ள துளைகள் வழியாகக் கீழே போகிறது. இலையும் மண்ணும் அடைத்தால் அது காருக்குள் திரும்பும். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் அப்படித் திரும்பிய தண்ணீர் சீட்டுக்கு அடியில் உள்ள இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு மின்னணு) பெட்டியை நனைத்து, காரே ஸ்டார்ட் ஆகாமல் போகும். பிஎம்டபிள்யூ இசட்4இன் முதல் தலைமுறையில் கூரையைத் தூக்கும் மோட்டாரே அந்தப் பள்ளத்தில் மூழ்கும். கூரை ஒழுகுகிறது என்று துணியைக் குறை சொல்லும் பல சமயங்களில் குற்றவாளி இந்தக் குழாய்தான்.

கழுவும் நாளிலேயே ஒரு டம்ளர் தண்ணீரை ஒவ்வொரு துளையிலும் மெதுவாக ஊற்றிவிட்டு, குனிந்து காருக்கு அடியில் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தரையில் விழ வேண்டும். ஒரு பக்கம் தாமதித்தால் மெல்லிய, வளையும் நைலான் நரம்பை உள்ளே விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். கம்பியால் குத்தினால் குழாய் அடியில் இணைப்பிலிருந்து கழன்றுவிடும், அப்புறம் தண்ணீர் நேராகக் கார்பெட்டுக்குத்தான் போகும்.